இரண்டு வண்டிகள், ஒரே சாலை: வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில், சென்னைக்கும் மலாயாவுக்கும் இடையே ஓடிய பழைய பயணிகள் கப்பல்களைப் பற்றிய ஒரு பதிலின் நடுவே, 1980-களின் முற்பாதியில் தன் மோட்டார் சைக்கிளுடன் சென்னைத் துறைமுகத்தில் வந்து இறங்கிய ஓர் ஆங்கிலப் பெண்ணைப் பற்றி ஒற்றை வரி எழுதியிருந்தேன். அந்தப் பதிலின் மற்ற வரிகளை யாரேனும் படித்தார்களா என்பது ஐயமே. வந்த கடிதங்கள் அத்தனையும் அந்தப் பெண்ணைப் பற்றியவை. ஆகவே இந்த இதழின் பகுதி முழுவதையும் அவருக்கும் அவரைப் போன்றவர்களுக்கும் கொடுத்துவிட்டேன். கப்பல் ஆர்வலர்கள் பொறுத்தருள்க.

யார் அந்தப் பெண்? தாய்லாந்து வரை தரைவழியாக வந்தவர், அங்கிருந்து இந்தியாவுக்கும் தரைவழியாகவே வந்திருக்கலாமே, ஏன் கப்பலேறினார்?
– ஒரு வாசகி, நாகப்பட்டினம்

அவர் பெயர் எல்ஸ்பெத் பியர்ட். லண்டனில் கட்டடக்கலை படித்துக்கொண்டிருந்தவர், படிப்பைப் பாதியில் நிறுத்திவைத்துவிட்டு, 1982-ஆம் ஆண்டு அக்டோபரில், தம் 23-ஆம் வயதில், உலகைச் சுற்றிவரப் புறப்பட்டார். அவரிடம் இருந்தது 1974-ஆம் ஆண்டு தயாரிப்பான, ஏற்கெனவே பிறர் ஓட்டிக் கைமாறிய ஒரு பி.எம்.டபிள்யூ. ஆர் 60/6. வண்டியைக் கப்பலில் நியூயார்க்குக்கு அனுப்பி, அமெரிக்காவைக் கடந்து, நியூசிலாந்து, ஆஸ்திரேலியா, சிங்கப்பூர், மலேசியா, தாய்லாந்து என்று வந்தவர், இந்தியா, நேபாளம், பாகிஸ்தான், ஈரான், துருக்கி வழியாக 1984-இன் இறுதியில் வீடு திரும்பினார். மொத்தம் ஏறத்தாழ 35,000 மைல், அதாவது சுமார் 56,000 கிலோமீட்டர்.

தரைவழி ஏன் இல்லை என்ற உங்கள் கேள்விக்கு விடை பர்மா. அந்நாளில் பர்மா அரசு வெளிநாட்டுப் பயணிகளை விமானத்தில் வந்து ஒரு வாரத்துக்குள் திரும்பிப் போக மட்டுமே அனுமதித்தது. நிலஎல்லை வழியாக வண்டியோடு நுழைவதற்கு வாய்ப்பே இல்லை. எனவே ஆசியாவைத் தரைவழியில் கடக்க விரும்பியவர்கள் எல்லோரும் தாய்லாந்தை எட்டியதும் தெற்கே திரும்பிப் பினாங்குக்கு வந்து, அங்கே கப்பலேறிச் சென்னையில் இறங்குவது வழக்கம். எல்ஸ்பெத்தும் அப்படித்தான் வந்தார். அந்த ஆண்டுகளில் அந்தத் தடத்தில் ஓடியது நம் வாசகர்கள் பலரும் நினைவில் வைத்திருக்கும் 'சிதம்பரம்' கப்பல். என் பெரியப்பா கோடாலித் தைலமும் கம்பளியும் மைலோ டப்பாக்களும் கட்டிய மூட்டையுடன் அதில் வந்து இறங்கியதை நான் சிறுமியாக நின்று பார்த்திருக்கிறேன். 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் தீப்பிடித்த பிறகு அந்தக் கப்பலின் பயணிகள் சேவை முடிந்துபோனது. எல்ஸ்பெத் இன்னும் ஓர் ஆண்டு தாமதித்துக் கிளம்பியிருந்தால் அவர் பாதையே வேறாகியிருக்கும்.

கடல்வழிப் பயணம் பெண்ணுடன் செல்வதில்லை என்று தொல்காப்பிய அகத்திணையியல் விதி செய்திருக்கிறது. (அந்த நூற்பாவின் 'முந்நீர்' என்ற சொல்லுக்குக் கடல் என்று பொருள் கொள்ளாமல் வேறு பொருள் சொன்ன உரைகாரர்களும் உண்டு, புலவர்கள் சண்டைக்கு வர வேண்டாம்.) பாலைத் திணையில் பொருள் தேடிப் பிரிகிறவன் எப்போதும் தலைவன், சுவரில் கோடிட்டு நாள் எண்ணுகிறவள் தலைவி. அந்த வரிசையை மாற்றிக் கிளம்பியவர்களைப் பற்றித்தான் இந்தப் பக்கங்கள் பேசப்போகின்றன.

காதல் தோல்வியை மறக்கத்தான் அவர் கிளம்பினார் என்றும், போன வழியில் இன்னொருவரைக் காதலித்தார் என்றும் படித்தேன். அப்படியானால் இதைத் துணிச்சல் என்பதா, ஆற்றாமை என்பதா?
– ஒரு வாசகர், கோவை

ஆற்றாமையில் பிறந்த துணிச்சல் என்று வைத்துக்கொள்ளுங்கள். முறிந்துபோன ஒரு காதல் தம்மை வீட்டிலிருந்து வெளியே தள்ளிய காரணங்களுள் ஒன்று என்பதை அவர் மறைத்ததில்லை. ஆனால், மனம் நொந்து கிளம்பிய ஒருவரால் நியூயார்க் வரை போய்விட முடியும். அந்த நோவை மட்டும் எரிபொருளாக வைத்துக்கொண்டு 56,000 கிலோமீட்டர் ஓட்ட முடியாது. அமெரிக்காவைக் கடப்பதற்குள் அந்தப் பழைய காதல் அவருடைய கதையில் சிறுத்துவிடுகிறது. அதன் இடத்தில் அடுத்த ஊரில் பெட்ரோல் கிடைக்குமா, இரவு எங்கே தங்குவது, கையிருப்பு எத்தனை நாளைக்கு வரும் என்ற கேள்விகள் வந்து உட்கார்ந்துகொள்கின்றன.

இரண்டாவது காதல்தான் எனக்குச் சுவையானது. காத்மாண்டுவில் அவர் ஒரு டச்சு இளைஞரைச் சந்தித்தார். அவரும் பி.எம்.டபிள்யூ. வண்டியில் வந்திருந்தவர். இருவரும் அங்கிருந்து ஐரோப்பா வரை சேர்ந்தே பயணம் செய்தார்கள். 'சேர்ந்தே' என்று எழுதும்போது நம் திரைப்படங்கள் பழக்கிய கண் உடனே ஒரு காட்சியைக் காட்டும்: முன்னால் அவன், பின்னால் துப்பட்டா பறக்க அவள். இவர்கள் போனது இரண்டு வண்டிகளில். எல்ஸ்பெத்தின் சாவி எல்ஸ்பெத்தின் சட்டைப் பையில் இருந்தது. அவர் வண்டி பழுதானால் அவர்தான் குனிந்தார். களைத்துப்போய் ஒருவர் நிறுத்தச் சொன்னால் மற்றவர் நிறுத்தினார் அல்லது முன்னே போய்க் காத்திருந்தார். மோட்டார் சைக்கிளில் நெடுந்தூரம் போனவர்களுக்குத் தெரியும், தலைக்கவசத்துக்குள் மனிதர் எப்போதும் தனியாகவே இருக்கிறார். பேச வேண்டும் என்றால் இருவரும் ஓரங்கட்டி, எஞ்சினை அணைத்து, கவசத்தைக் கழற்ற வேண்டும். நாள் முழுவதும் பின்னிருக்கையிலிருந்து ஒருவர் காதுக்குள் கத்திக்கொண்டு போவதைவிட, எட்டு மணி நேரம் தனித்தனியே யோசித்துவிட்டு மாலையில் தேநீருக்கு எதிரெதிரே உட்காருவது உறவுக்கு நல்லது என்று நான் நினைக்கிறேன். திருமணமாகி 31 ஆண்டுகள் ஆன அனுபவத்தில் சொல்கிறேன்.

அந்தப் பயணத்தின் கடைசிப் பகுதி தேன்நிலவு போன்றது அன்று. 1984 ஜூனில் அமிர்தசரஸ் பொற்கோயிலுக்குள் ராணுவம் நுழைந்த பிறகு, பஞ்சாப் வெளிநாட்டவருக்கு மூடப்பட்டிருந்தது. பாகிஸ்தானுக்குப் போகும் ஒரே சாலையோ பஞ்சாப் வழியாகத்தான் போகிறது. சிறப்பு அனுமதிக்காக டெல்லி அலுவலகங்களில் ஏறி இறங்க வேண்டியிருந்தது. ஈரானில் அப்போது ஈராக்குடன் போர் நடந்துகொண்டிருந்தது. எல்ஸ்பெத்துக்கு மஞ்சள் காமாலை வேறு கண்டுவிட்டது. உடல் மெலிந்து, கண் மஞ்சளித்து, 200 கிலோ வண்டியைப் பாலைவனக் காற்றில் நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு ஈரானைக் கடந்தார் அவர். பக்கத்தில் ஒரு துணை இருந்தது பெரிய ஆறுதலாக இருந்திருக்கும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஹேண்டில்பாரைப் பிடித்திருந்தது அவருடைய கைதான்.

அந்த உறவு வாழ்நாள் உறவாக நிலைக்கவில்லை. அதனால் அது பொய்க் காதல் என்று எழுதிய இன்னொரு வாசகருக்கும் இதே பதில்தான்: காத்மாண்டுவிலிருந்து ஐரோப்பா வரை ஒருவர் மற்றவருக்காக நிறுத்திக் காத்திருந்தது உண்மை. அதற்கு மேல் கணக்குக் கேட்க நாம் யார்?

வண்டி ரிப்பேர் எல்லாம் அந்தப் பெண்ணே பார்த்தாரா? நம்ப முடியவில்லை.
– ஒரு வாசகர், தூத்துக்குடி

நம்பலாம். ஆர் 60/6 நம்மூர் மெக்கானிக்குகள் பார்த்தால் 'வேலை செய்ய வாகான வண்டி' என்று சொல்லக்கூடிய அமைப்பு. 600 சி.சி.க்கு ஒன்று குறைவான எஞ்சின். இரண்டு சிலிண்டர்கள், ஒன்று இடப்பக்கமும் மற்றொன்று வலப்பக்கமும், யானைக்குக் காது நீட்டிக்கொண்டிருப்பதுபோல வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். பெட்ரோல் டாங்கைக் கழற்றாமலே, சாலையோரத்தில் உட்கார்ந்து, மூடியைத் திறந்து, வால்வைத் திறக்கும் உறுப்பான டேப்பட்டின் இடைவெளியைச் சரிசெய்துவிடலாம். பிளக் மாற்றுவது இன்னும் எளிது. பின்சக்கரத்தைச் சுழற்றச் செயின் கிடையாது, ஷாஃப்ட் என்ற சுழல்தண்டு. ஆகவே மணலிலும் மழையிலும் செயினுக்கு எண்ணெய் போடுவது, இறுக்குவது, அறுந்தால் தவிப்பது என்ற தொல்லைகள் இல்லை. குறை என்னவென்றால், வண்டி சாய்ந்தால் முதலில் தரையில் மோதுவது அந்தக் காதுகள்தாம்.

ஆஸ்திரேலியாவில் அவர் செய்த காரியத்தைச் சொல்ல வேண்டும். பணம் தீர்ந்துபோய், சிட்னியில் ஒரு கட்டடக்கலை அலுவலகத்தில் ஏழு மாதம் வேலை பார்த்தார். தங்கியது ஒரு கார் கொட்டகையில், வண்டிக்குப் பக்கத்திலேயே. அந்த மாதங்களில், அலுமினியத் தகட்டை வாங்கி, மடித்து, ரிவெட் அடித்து, வண்டியின் இரு பக்கத்துக்கும் பின்புறத்துக்கும் பூட்டுப் போடக்கூடிய பெட்டிகளைத் தாமே செய்துகொண்டார். இன்று நெடும்பயண வண்டிகளில் பெரும் விலை கொடுத்து மாட்டுகிறார்களே, அதே வகைப் பெட்டி. அன்று அது கடையில் சுலபமாகக் கிடைக்கும் பொருளாக இருக்கவில்லை. வரைபடம் போடப் படித்த கை தகரம் வெட்டவும் படித்துக்கொண்டது.

பெண்ணால் அவ்வளவு கனமான வண்டியைத் தூக்க முடியுமா என்றும் சிலர் கேட்டிருக்கிறார்கள். தோள்பலத்தால் ஆணாலும் சுலபமாகத் தூக்க முடியாது. முறை தெரிந்தால் இருவராலும் முடியும். விழுந்த வண்டிக்கு முதுகைக் காட்டி, இருக்கையின் விளிம்பில் இடுப்பை முட்டுக் கொடுத்து உட்கார்ந்த வாக்கில், ஒரு கையால் ஹேண்டில்பாரையும் மறு கையால் சட்டத்தையும் பற்றி, குதிகாலை ஊன்றிச் சிறுசிறு அடியாகப் பின்னோக்கி நடந்தால் வண்டி எழுந்து வரும். எழுவதற்கு முன் கியரில் போட்டு, ஸ்டாண்டைத் தட்டிவிட்டிருக்க வேண்டும். மறந்தால் மறுபக்கம் விழும். எனக்கு விழுந்திருக்கிறது.

நான் ஓட்டப் பழகியது என் அப்பாவின் பழைய புல்லட்டில். வலக்காலில் கியர், இடக்காலில் பிரேக் இருந்த காலத்து வண்டி. கிளப்புவதற்கு ஒரு சடங்கு உண்டு: சாவியைத் திருப்பி, டாங்குக்கு முன்னால் இருக்கும் ஆம்பியர் மீட்டரின் முள்ளைப் பார்த்துக்கொண்டே கிக்கரை மெல்ல அழுத்திக்கொண்டு வர வேண்டும், முள் நடுவுக்கு வந்ததும் நிறுத்தி, இடக்கைப் பக்கம் இருக்கும், சிலிண்டரின் அழுத்தத்தை வெளிவிடும் சிறிய டீகம்பிரஷன் லீவரைப் பிடித்து இன்னும் ஒரு விரற்கடை இறக்கி, லீவரை விட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, பிறகு ஒரே உதை. அவசரப்பட்டால் கிக்கர் திருப்பி அடிக்கும். கெண்டைக்காலில் அந்தத் தழும்பு எனக்கு இன்னும் இருக்கிறது. "பலத்தில் உதைக்காதே, முள்ளைப் பார்" என்பார் அப்பா. 52 கிலோ எடையிருந்த எனக்கு அது முதல் உதையிலேயே கிளம்பிய நாளில், தெருவில் இருந்த இரண்டு ஆண்கள் அவரைத்தான் பாராட்டினார்கள்.

உலகைச் சுற்றிய முதல் பெண் இவர்தானா?
– ஒரு மாணவி, புதுச்சேரி

பிரிட்டனிலிருந்து மோட்டார் சைக்கிளில் உலகைச் சுற்றிய முதல் பெண் என்று பொதுவாக இவரைச் சொல்வார்கள். நெடும்பயணம் போன முதல் பெண் என்றால் பல பத்தாண்டுகள் பின்னால் போக வேண்டும். தெரசா வாலக், புளோரன்ஸ் பிளெங்கிரன் என்ற இருவர், 1934 டிசம்பரில் லண்டனிலிருந்து 600 சி.சி. பாந்தர் வண்டியில் பக்கப்பெட்டியும் (சைடுகார்) இழுவை வண்டியும் பூட்டிக்கொண்டு கிளம்பி, திசைகாட்டி இல்லாமலே சகாரா பாலைவனத்தைக் கடந்து, 1935 ஜூலையில் கேப் டவுனை அடைந்தார்கள். சாலை என்று ஒன்று இல்லாத இடங்களில் மணலைத் தோண்டித் தோண்டி வண்டியை நகர்த்தியிருக்கிறார்கள்.

பிரான்சில் ஆன்-பிரான்ஸ் தோத்வில் என்ற விளம்பர எழுத்தாளர். 1972-இல் பாரிஸிலிருந்து ஈரானின் இஸ்ஃபஹான் வரை நடந்த ஒரு கூட்டுப் பயணத்தில் மோட்டோ குஸி 750 வண்டியோடு கலந்துகொண்டார். தனி வண்டி ஓட்டிய ஒரே பெண் அவர். திரும்பி வந்ததும், அவர் ஓட்டவே இல்லை, வண்டியை லாரியில் ஏற்றிக்கொண்டு போனார் என்று ஒரு வதந்தி கிளம்பியது. அவர் வழக்குப் போடவில்லை. மறுப்பு அறிக்கை எழுதிக்கொண்டு இருக்கவும் இல்லை. 1973-இல் ஒரு சின்னஞ்சிறு கவாசாகி 125 வண்டியை எடுத்துக்கொண்டு, தனியாக மூன்று கண்டங்களில் சுமார் 20,000 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்தார். லாரியில் ஏற்றுவதற்கு உடன் யாருமே இல்லை.

எல்ஸ்பெத்துக்குச் சிங்கப்பூரில் எல்லாம் திருடு போனதாமே? இப்போது நம் ஊரிலிருந்து ஒரு பெண் வண்டியோடு வெளிநாடு போவதானால் என்னென்ன ஆவணங்கள் வேண்டும்?
– ஒரு வாசகி, ஓசூர்

சிங்கப்பூரில் அவருடைய பாஸ்போர்ட்டும் விசாக்களும் வண்டியின் ஆவணங்களும் திருடு போயின. அவற்றைத் திரும்ப வாங்க ஆறு வாரம் ஆனது. விபத்துகளைவிட இதுவே கொடுமை என்று எனக்குத் தோன்றுகிறது. ஆஸ்திரேலியாவின் குவின்ஸ்லாந்து மண்சாலையில் தூக்கி எறியப்பட்டு மருத்துவமனையில் கிடந்தார். தாய்லாந்தில் குறுக்கே பாய்ந்த ஒரு நாயின் மீது மோதி மரத்தில் போய் இடித்தார். அங்கே அவரைத் தூக்கிக்கொண்டுபோய் இரண்டு வாரம் வைத்துப் பார்த்துக்கொண்டது மொழி தெரியாத ஓர் ஏழைக் குடும்பம். அடிபட்டவருக்கு யாராவது இரங்குகிறார்கள். காகிதம் தொலைத்தவருக்கு எந்தக் கவுண்டரிலும் இரக்கம் கிடைப்பதில்லை.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். முதலில் பாஸ்போர்ட், விசா. அடுத்து, உங்கள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் வாங்க வேண்டிய சர்வதேச ஓட்டுநர் அனுமதி, ஓராண்டு செல்லும். மூன்றாவதுதான் பலரும் கேள்விப்படாதது: 'கார்னே'. இதை வண்டியின் பாஸ்போர்ட் என்று சொல்லலாம். அங்கீகாரம் பெற்ற மோட்டார் வாகனச் சங்கங்கள், ஒரு பிணைத்தொகையைப் பெற்றுக்கொண்டு தருகிற புத்தகம் இது. ஒவ்வொரு பக்கமும் மூன்று துண்டு. நாட்டுக்குள் நுழையும்போது சுங்க அதிகாரி ஒரு துண்டைக் கிழித்துக்கொள்வார், வெளியேறும்போது இன்னொரு துண்டைக் கிழித்துக்கொள்வார், மூன்றாவது இரு முத்திரைகளோடும் உங்களிடமே நிற்கும். வெளியேறிய முத்திரை இல்லாவிட்டால் நீங்கள் அந்த நாட்டில் வண்டியை விற்றுவிட்டதாகக் கருதப்பட்டு, சுங்க வரி உங்கள் பிணைத்தொகையில் பிடிக்கப்படும். ஆகவே எல்லையில் எவ்வளவு மழை பெய்தாலும், அதிகாரி எவ்வளவு கொட்டாவி விட்டாலும், முத்திரையின் தேதியைப் படித்துப் பார்த்த பிறகுதான் வண்டியை எடுக்க வேண்டும். எல்லா நாடுகளும் இதைக் கேட்பதில்லை; நேபாளத்துக்கு நம் பதிவெண் வண்டியைக் கொண்டுபோக இது தேவையில்லை, எல்லையிலேயே அனுமதிச் சீட்டு வாங்கிக்கொள்ளலாம்.

மணிப்பூரின் மோரே வழியாக மியான்மருக்குள் வண்டியோடு போகும் வாய்ப்பு சில ஆண்டுகள் இருந்தது. 2021-இல் அங்கே ராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு அந்த வழியை நம்பித் திட்டம் போட முடியாத நிலை. எல்ஸ்பெத்தின் காலத்துக்கே திரும்பிவிட்டோம். ஒரே வேறுபாடு, இப்போது ஏறிக்கொள்ள 'சிதம்பரம்' இல்லை.

திருமணம் ஆன பிறகு இந்தப் பெண்கள் வண்டியை மூலையில் நிறுத்திவிடுவார்கள், அல்லவா?
– ஒரு வாசகர், சேலம்

உங்கள் கேள்வியில் இருக்கும் ஆசை புரிகிறது. லோயிஸ் பிரைஸ் என்ற ஆங்கிலப் பெண், பி.பி.சி. வேலையை விட்டுவிட்டு, 2003-இல் அலாஸ்காவிலிருந்து தென் அமெரிக்காவின் தென்முனை வரை 225 சி.சி. யமஹாவில் தனியாகப் போனார். அவர் மணந்துகொண்ட ஆஸ்டின் வின்ஸ், தாமே மோட்டார் சைக்கிளில் உலகைச் சுற்றியவர். திருமணத்துக்குப் பிறகும் லோயிஸ் லண்டனிலிருந்து கேப் டவுனுக்குப் போனார். பிறகு 2011-இல், லண்டன் ஈரான் தூதரகத்துக்கு அருகே நிறுத்தியிருந்த அவர் வண்டியில் முன்பின் தெரியாத ஒருவர் ஒரு சீட்டு எழுதிச் செருகிவிட்டுப் போயிருந்தார்: ஈரானைப் பற்றிச் செய்திகளில் வருவதை நம்பாதீர்கள், எங்கள் ஷிராஸ் நகருக்கு வந்து பாருங்கள் என்பது அதன் சாரம். இரண்டு ஆண்டுகள் கழித்து அவர் போனார். கணவரை வீட்டில் விட்டுவிட்டு, தனியாக.

என் மகளுக்கு 28 வயது. ஜெர்மனியில் வேலை. அங்கே உரிமம் எடுத்து, சொந்தமாக மோட்டார் சைக்கிள் வாங்கி, வாரக் கடைசிகளில் ஆல்ப்ஸ் மலைச் சாலைகளில் ஓட்டுகிறாள். அப்படிப் போன இடத்தில் பழக்கமான போர்ச்சுகல் நாட்டு இளைஞரை மணக்க விரும்புவதாகச் சொல்கிறாள். அதற்கு முன் இருவரும் வேலையை விட்டுவிட்டு ஓராண்டு தென் அமெரிக்காவில் வண்டியில் சுற்றப் போகிறார்களாம். அவள் அப்பாவுக்கு இன்னும் தெரியாது. அழுது தடுப்பதா, ஆசி சொல்வதா என்று தெரியாமல் எழுதுகிறேன்.
– ஒரு தாய், மதுரை

அம்மா, இரண்டையும் தள்ளிவைத்துவிட்டு, முதலில் சில கேள்விகளைக் கேளுங்கள். அழுகையையும் ஆசியையும்விட அவை அவளுக்கு உதவும்.

இரண்டு வண்டியா, ஒன்றா என்று கேளுங்கள். இரண்டு என்றால், அவள் வண்டி யார் பெயரில் இருக்கிறது, காப்பீடு யார் பெயரில், சேமிப்புக் கணக்கு தனியாக இருக்கிறதா என்று கேளுங்கள். நடுவழியில் மனம் ஒத்துப்போகாவிட்டால், எந்த ஊரிலிருந்தும் தன் பணத்தில் பயணச்சீட்டு எடுத்து, தன் ஆவணங்களோடு கிளம்பி வர அவளால் முடியுமா? இதைக் கேட்பது அந்தப் பையனைச் சந்தேகிப்பது ஆகாது. அவன் நல்லவனாக இருந்தால் இந்தக் கேள்விகள் அவனுக்கும் பிடிக்கும்.

அடுத்தது, இருவரும் காதல் மயக்கத்தில் மறந்திருக்கக்கூடியது. அவன் கையில் இருப்பது ஐரோப்பிய ஒன்றியத்தின் பாஸ்போர்ட். தென் அமெரிக்காவில் பெரும்பாலான எல்லைகளில் விசா இல்லாமல் சிரித்துக்கொண்டே கடந்துவிடுவான். அவள் கையில் இருப்பது நம் நாட்டுப் பாஸ்போர்ட். அந்த எல்லைகள் பலவற்றில் அவளுக்கு விசா கேட்பார்கள். அதற்குத் தூதரகம் இருக்கும் ஊரில் நாள் கணக்கில் காத்திருக்க நேரும். அந்த நாட்களில் அவன் உடன் காத்திருப்பானா, முன்னே போகிறேன் என்பானா என்பதில் அவனை அவள் நன்றாகவே அறிந்துகொள்வாள்.

ஜெர்மனியின் வதிவிட அனுமதியையும் மறக்கக் கூடாது. பொதுவாக ஆறு மாதத்துக்கு மேல் அந்நாட்டுக்கு வெளியே இருந்தால் அது செல்லாததாகிவிடும். உயர்கல்வி பெற்ற வெளிநாட்டுப் பணியாளருக்குத் தரும் ப்ளூ கார்டு வைத்திருப்பவருக்கு இந்தக் காலம் 12 மாதம். வேலையையும் விட்டுவிட்டு ஓராண்டு போகிறவள், கிளம்புவதற்கு முன்பே அங்குள்ள வெளிநாட்டவர் அலுவலகத்தில் எழுத்துமூலம் கேட்டுத் தெளிவு பெறுவது நல்லது. திரும்பி வரும்போது அவனுக்கு வீடு திறந்திருந்து, அவளுக்குக் கதவு சாத்தியிருந்தால், நல்ல காதலும் கசந்துபோகும்.

திருமணத்தைப் பற்றிச் சட்டம் சிக்கலாக இல்லை. இங்கே நடத்துவதானால் 1954-ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டப்படி, இருவரில் ஒருவர் குறைந்தது 30 நாள் தங்கியிருக்கும் மாவட்டத்தில் அறிவிப்புக் கொடுத்து, மேலும் 30 நாள் காத்திருந்து பதிவு செய்யலாம். அங்கே நடத்துவதானால் அந்நாட்டு விதிகளைப் பார்க்க வேண்டும்.

அவள் அப்பாவிடம் நீங்கள் சொல்லாதீர்கள். அவளே சொல்லட்டும். மலைவளைவுகளில் வண்டியைச் சாய்த்துத் திருப்பத் தெரிந்தவளுக்கு இந்த ஒரு வளைவும் தெரிந்திருக்க வேண்டும். நீங்கள் அப்போது பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் போதும். எல்ஸ்பெத்தின் பெற்றோர் மகளைக் கூப்பிட்டுத் திருப்பிக்கொள்ளவில்லை. அவர்களே விமானம் ஏறிக் காத்மாண்டு வரை வந்து அவரைப் பார்த்துவிட்டுப் போனார்கள். தென் அமெரிக்கா உங்களுக்குத் தூரம்தான். பாஸ்போர்ட் இல்லையென்றால் இப்போதே விண்ணப்பித்து வையுங்கள்.

உலகைச் சுற்றித் திரும்பியபோது லண்டனில் எல்ஸ்பெத்துக்குப் பெரிய வரவேற்பு இருந்ததா?
– ஒரு வாசகர், திருநெல்வேலி

இல்லை. கிளம்பும்போதும் மோட்டார் சைக்கிள் உலகம் அவரைப் பொருட்படுத்தவில்லை, திரும்பியபோதும் கண்டுகொள்ளவில்லை. நண்பர்கள் ஓரிரு கேள்வி கேட்டுவிட்டுத் தங்கள் பேச்சுக்குத் திரும்பிவிட்டார்கள். அவர் பயணக் குறிப்பேடுகளையும் படச்சுருள்களையும் மூட்டை கட்டிக் கொட்டகையில் வைத்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து கட்டடக்கலையைப் படித்து முடித்தார். 1988-இல் சர்ரே பகுதியில், கைவிடப்பட்ட விக்டோரியா காலத்து நீர்த்தேக்கக் கோபுரம் ஒன்றை, சுமார் 130 அடி உயரமுள்ளதை, விலைக்கு வாங்கி, பல ஆண்டுகள் உழைத்து வீடாக மாற்றினார். அதற்காகப் பிரிட்டிஷ் கட்டடக் கலைஞர்களின் அரச நிறுவனத்தின் விருது 1994-இல் கிடைத்தது. மகனையும் வளர்த்தார். மூட்டையைப் பிரித்து அந்தப் பயணத்தை அவர் புத்தகமாக வெளியிட்டபோது ஆண்டு 2017. வீடு திரும்பி 33 ஆண்டுகள் கழிந்திருந்தன.

அந்த வண்டி என்ன ஆனது?
– ஒரு சிறுமி, ஈரோடு

விற்கவில்லை, கண்ணே. அவரிடமே இருக்கிறது.